உங்கள் தம்பி நலமாக இல்லை

அன்பும் அதட்டலும் ஒருங்கே அமைந்த பெரியத்தை அவர்களுக்கு, தம்பி மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இந்த இடத்தில் 'இங்கு யாவரும் நலம், அங்கு தங்கள் நலமறிய ஆவல்' என்று எழுதுவதுதான் மரியாதை. எழுதமாட்டேன். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் இப்போது யாரும் எழுத்தில் கொடுப்பதில்லை. அரசாங்கத்தின் முன்னால் வாய்மொழியாகக் கொடுத்துவிட்டுப் படுகிற பாடே போதும். எனவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அம்மா நலம். நான் நலம். உங்கள் தம்பி நலமாக இல்லை. இதை அவர் வாயால் ஒரு டாக்டரிடம் சொல்லவைக்க வேண்டும். உலகத்தில் அது உங்கள் ஒருவரால்தான் முடியும். கடிதத்தின் விஷயம் அவ்வளவுதான், மற்றதெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுவதுபோலப் பேசுவீர்கள். போன மாதம் மாடிப்படியில் ஒளிந்துகொண்டு ரகசியமாக உங்களை அழைத்தேன், ஞாபகம் இருக்கிறதா? "என்னது, உங்கப்பன் விழுந்துட்டானா?" என்று நீங்கள் கேட்டது என் காதில் விழுந்ததோ இல்லையோ, கீழ்வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. அவர் பதறி மேலே ஓடிவந்து அப்பாவிடம் விசாரிக்க, அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு, "யாருங்க சொன்னா? பரவாயில்லையே, நல்லாத்தான இருக்கேன்" என்று சிரிக்க, அவர் திருப்தியாகப் படியிறங்கிப் போன பிறகும் அப்பா கதவை விடவில்லை. பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். விட்டால் விழுந்துவிடுவார், அதனால் விடவில்லை. ஆகவே கடிதம்.

நான் பில் போடுகிற கடையில் ஒரு பொருள் சரியில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால், தயாரித்தவர்களுக்கே எழுதிப்போடுங்கள் என்று முகவரியைக் காட்டிவிடுவோம். உங்கள் தம்பியைப் பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வளர்த்து, தலை சீவிவிட்டு, கட்டட வேலைக்கு அனுப்பியது நீங்கள். எனவே புகார் உங்கள் விலாசத்துக்கு வருகிறது. பொருள் நல்ல பொருள்தான் அத்தை, குறை சொல்ல முடியாது. நன்றாக உழைத்தது. ஒரே ஒரு கோளாறு, பழுதானால் சத்தம் போடாது.

அவர் உடம்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எல்லாம் அவரே சொன்னது. அதாவது உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்கிறேன். டைல்ஸ் போடுகிறவர்கள் காலால் பிழைப்பதில்லை, முட்டியால் பிழைக்கிறார்கள். யார் யாரோ நிமிர்ந்து நடக்கிற வீட்டுக் கூடங்கள், கடைகள், குளியலறைகள் எல்லாம் அப்பா முட்டி போட்டுத் தவழ்ந்த தரைகள். இப்போது இரண்டு முட்டியிலும் ஜவ்வு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது. இடுப்பில் டிஸ்க் நகர்ந்து நரம்பை அழுத்துகிறது. இடது கால் அடிக்கடி மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் வெறுங்காலோடு நடந்து வருகிறார். ஆனால் வேலை இடத்தில் அவருக்கு இன்னும் 'ரசமட்டம்' என்றுதான் பெயர். தரை சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்களே, குமிழி ஓடுகிற அந்தக் கருவியின் பெயர். கண்ணாலேயே மட்டம் பார்த்துவிடுவார் என்பதால் வைத்தார்களாம். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. எந்தப் பக்கம் சாய்த்துக் கேள்வி கேட்டாலும் அப்பா குமிழி மாதிரி நடுவிலேயே வந்து நிற்பார். நல்லாவும் இல்லை, மோசமும் இல்லை, பரவாயில்லை.

இயலாமை உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறது. உடம்பு முடியாமல் வேலைக்குப் போக இயலாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தருவது. அதற்கு நோயின் பெயர் மட்டும் போதாது. பார்க்கவேண்டிய வைத்தியமெல்லாம் பார்த்தாகிவிட்டது, இனி இது தேறாது என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தரவேண்டும். தந்துவிட்டார்கள். அதற்கு மேல் அரசாங்கத்தின் டாக்டர் ஒருவர் நேரில் பார்த்து, இவரால் பழைய வேலை மட்டுமல்ல, எந்த வேலையையும் தொடர்ந்து செய்ய முடியாது என்று ஒப்புக்கொள்ளவேண்டும். இதற்கு 'மருத்துவத் தகுதி' என்று பெயர். எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ! பிறந்ததிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் தகுதி இருக்கிறது, தகுதி இருக்கிறது என்று காட்டித்தான் நம்மை உள்ளே விட்டார்கள். இந்த ஒரு வாசலில் மட்டும், நான் ஒன்றுக்கும் ஆகமாட்டேன் என்று நிரூபித்தால்தான் தகுதி. எங்கள் கடையில் நசுங்கிய டப்பாவைத் தனி அடுக்கில் எடுத்துவைப்போம். 'நீ நிஜமாகவே நசுங்கியிருக்கிறாயா, நசுங்கல் நிரந்தரமா, நசுங்கிய நிலையில் வேறு ஏதாவது அடைத்து விற்கலாமா' என்று டப்பாவை நிற்கவைத்துக் கேட்கிறவர்கள் எங்கள் கடையில் இல்லை, எங்கள் மேனேஜர் உட்பட.

அப்பாவை நம்பி அப்படியே அனுப்ப முடியாதென்று அம்மாவுக்குத் தெரியும். எனவே டாக்டரைப் பார்க்கப் போகவேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையை அலுவலகமாக்கி, என் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, டாக்டராக உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்ல."

"தப்பு. மறுபடியும். எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்."

"அது தெரியுது. முட்டி எப்படி இருக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கு."

"வலிக்குதா, இல்லையா?"

"வலிக்கும்தான். யாருக்குத்தான் வலி இல்ல? உனக்குக்கூடத்தான் தலைவலி வருது."

"என் தலையப் பத்தி அங்க யாரு கேக்கப் போறா? ராத்திரி தலையணையக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கீங்களே, அதச் சொல்லுங்க."

அப்பா என்னைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பாப்பா பக்கத்துல இருக்கும்போது என்ன பேச்சு இது?"

"ஐயா சாமி, ஒரே ஒரு வார்த்த. 'வலிக்குதுங்க'. எங்க, சொல்லுங்க பாப்போம்."

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "வலிக்குதுங்க" என்றார். நாங்கள் இருவரும் கைதட்டப் போனோம். "ஆனா சமாளிச்சுக்கலாம்" என்று முடித்தார்.

அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "உங்களுக்குக் குடுக்க அரசாங்கத்துக்கே கூச்சமா இருக்கும். எந்திரிங்க, சாப்பிடலாம்." அவர் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆனதென்று அந்த மேசைக்குத்தான் தெரியும்.

போகிற நாள் வந்தது. இருக்கிற சட்டையில் பழசாகப் பார்த்துப் போடுங்கள் என்று அம்மா கெஞ்சினாள். பெரிய ஆபீஸ், டாக்டர் முன்னால் நிற்கப்போகிறோம், மரியாதையாகப் போகவேண்டாமா என்று அப்பா இஸ்திரி போட்ட சட்டைதான் வேண்டுமென்றார். குனிய முடியாத மனிதர். கால்சட்டையை அம்மா மாட்டிவிட்டாள், காலுறையை நான் மாட்டிவிட்டேன். அவர் தானாகச் செய்தது தலை வாரிக்கொண்டது ஒன்றுதான். அங்கே காத்திருக்கும் கூடத்தில் நாற்காலிகள் குறைவு. கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்ததும் அப்பா சட்டென்று எழுந்து இடம் கொடுத்துவிட்டார். சட்டென்று என்று நான் எழுதுவது அவருடைய எண்ணத்தை மட்டும். உடம்பு பின்னால் மெதுவாக வந்து சேர்ந்தது. ஊன்றுகோலை எங்கே என்று தேடினால், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் மறைத்துவைத்திருக்கிறார். "ஏம்பா?" என்றேன். "அங்க பாரு, நம்மள விட வயசானவரு கோல் இல்லாம உக்காந்திருக்காரு. நாம ஊனிக்கிட்டு நின்னா அவருக்கு எப்படி இருக்கும்?" என்றார். அத்தை, இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டரம்மா ஒரு கல்நெஞ்சுக்காரி. வயது அதிகம் இல்லை. முகம் முழுக்கக் கணினிக்குள் இருந்தது, விரல்கள் மட்டும் வெளியே.

"எப்படி இருக்கீங்க?"

"பரவாயில்லைங்க டாக்டர். நீங்க எப்படி இருக்கீங்க?"

விரல்கள் ஓடின. நலம் விசாரித்ததற்கு நலம் விசாரித்தார் என்று என் அறிவுக்குத் தெரிகிறது, ஆனால் கணினியில் நலம் என்றுதான் ஏறுகிறது.

"நடக்க முடியுதா?"

"நடந்துதாங்க வந்தேன்." வாசல்வரை ஆட்டோவில். வாசலிலிருந்து என் தோளில்.

"மாடிப்படி?"

"ஏறிடுவேங்க." எப்படி ஏறுகிறார் தெரியுமா? படிக்கட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகத் தன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறுகிறார். கேட்ட கேள்வி ஏற முடியுமா என்பதுதானே, எப்படி என்பதில்லையே.

நான் பொறுக்கமாட்டாமல் "டாக்டர், அவரு வந்து…" என்று ஆரம்பித்தேன்.

"பேஷன்ட் சொல்லட்டும்மா."

"சொல்லமாட்டாரு டாக்டர், அதான் அவருக்கு நோயே."

டாக்டரம்மா அதை எழுதிக்கொள்ளவில்லை. "எவ்வளவு நேரம் நிக்க முடியும்?" என்று அவரையே கேட்டாள்.

"வேல இருந்தா நிப்பேங்க."

இதோடு முடிந்திருந்தால்கூட ஏதோ தப்பித்திருப்போம். அந்த நேரம் பார்த்து அப்பாவின் செருப்பு தரையில் ஓரிடத்தில் தட்டியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மாவுக்கும் கேட்கவில்லை. ஆனால் அப்பாவின் முகம் மாறிவிட்டது. மறுபடி ஒருமுறை வேண்டுமென்றே தட்டிப் பார்த்தார். அடியில் கலவை பிடிக்காமல் காற்று நின்றுபோன டைல்ஸ் அப்படித்தான் சத்தம் கொடுக்குமாம். மேலே பார்க்க முழுசாக, பளபளவென்று இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காதாம். நான் "அப்பா, வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி, முட்டி போட்டு, விரல் கணுவால் தட்ட ஆரம்பித்துவிட்டார். "டாக்டர், இங்க கலவ பிடிக்கலைங்க. ஆளு நடமாடுற இடம். உடைஞ்சா கால வெட்டிடும். யாருங்க போட்டது? அரைகுறையா பூசிட்டுப் போயிருக்கான்."

அன்றைக்கு முதல் தடவையாக டாக்டரம்மா கணினியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அட, நல்லா குனியறீங்களே!" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். விரல்கள் ஓடின.

அப்புறம் அப்பாவால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் வெளியிலிருந்து வந்த உதவியாளரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினோம். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது. அதற்குள் டாக்டரம்மா அடுத்த ஆளின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தாள். "இறங்கினத எழுதினீங்களே, எந்திரிச்சத எழுத இடம் இல்லையா?" என்று நான் கத்தினேன். அப்பா என் கையை அழுத்தினார். "பாப்பா, டாக்டர் கிட்ட அப்படிப் பேசக்கூடாது." வெளியே வந்ததும் இன்னொன்றும் சொன்னார். "அந்த டைல்ஸப் பத்தி யார் கிட்டயாவது சொல்லிட்டு வந்துடலாமா?"

பதில் தபாலில் வந்தது. 'விண்ணப்பதாரர் நேர்த்தியாக உடுத்தியிருந்தார். இனிமையாகப் பழகினார். தமது உடல்நிலை பரவாயில்லை எனத் தாமே தெரிவித்தார். உதவியின்றி மண்டியிட்டார். சுற்றுப்புறத்தில் ஆர்வம் காட்டினார். உட்கார்ந்து செய்யும் இலகுவான பணிகளுக்கு ஏற்றவர். எனவே மருத்துவத் தகுதி இல்லை.' நான் படித்துக் காட்டினேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவோ, "இனிமையாப் பழகினார்னா போட்டிருக்காங்க? இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். "பாரேன், எவ்வளவு கவனிச்சிருக்காங்க! நல்ல டாக்டருதான்" என்றார். "ஆமா, உங்களுக்கு நல்ல பேரு குடுத்துட்டாங்க. அத உலையில போட்டு வடிச்சுச் சாப்பிடலாம்" என்றாள் அம்மா.

இதுவரை சிரிக்கலாம் அத்தை. நானும் சிரித்தேன். இனி சிரிக்காதீர்கள்.

நிராகரித்த கடிதத்தை அப்பா நற்சான்றிதழ் மாதிரி கீழ்வீட்டுக்காரருக்குக் காட்டியிருக்கிறார். அது எப்படியோ பழைய காண்ட்ராக்டர் காதுக்குப் போய்விட்டது. வாசலில் வந்து நின்று, "என்ன ரசமட்டம், கவர்மென்டே உன்னை ஃபிட்டுன்னு சொல்லிடுச்சாமே! ஒரு பாத்ரூம் இருக்கு, சின்னதுதான், வந்து போட்டுக் குடுத்துடு" என்றார். அம்மா கதவை அடைத்து நின்றாள். அப்பா அவளை விலக்கிவிட்டுப் போனார். வீட்டில் நான் ஒருத்தி சம்பாதிக்கிறேன், நாளெல்லாம் நின்றுகொண்டே பில் போட்டு என் காலும் வீங்குகிறது, அதை அவர் பார்த்துவிட்டார், அதனால் போனார். இதை அவர் சொல்லவில்லை, அம்மாதான் சொன்னாள். சாயங்காலம், கழற்றிப்போட்ட ஒரு கதவுப் பலகையில் அவரைக் கிடத்தி, கூட வேலை செய்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதிரில் வந்த கீழ்வீட்டுக்காரர் பதறிப்போய், "என்னாச்சு?" என்று கேட்க, பலகையில் கிடந்தபடியே, "பரவாயில்லைங்க" என்றார் உங்கள் தம்பி. ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் திட்டிய திட்டு வார்டு முழுக்கக் கேட்டது. "இன்னொரு தடவ முட்டி போட்டீங்கன்னா அவ்வளவுதான், அதுக்கப்புறம் நடக்கறத மறந்துடுங்க. சக்கர நாற்காலிதான்." அப்பா தலையாட்டினார். அவர் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நாங்கள் மனுப்போட்டுக் கேட்டிருக்கிற மறுபரிசீலனையும் கைவிட்டுவிட்டால் காண்ட்ராக்டரிடம் திரும்பவும் போவார். அடுத்த வீட்டின் சமையலறைத் தரை இப்போதே அவருக்காகக் காத்திருக்கிறது.

அந்தக் காண்ட்ராக்டரை நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஒருநாள் காலையில் ஆள் எடுக்கிற முனைக்குப் போனேன். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, வரிசையாக நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். "எப்படிப்பா இருக்கே?" என்று ஒருவரைக் கேட்டார். "பரவாயில்லண்ணே." "ஏறு." அடுத்தவர். "நீ எப்படி இருக்கே?" "பரவாயில்லண்ணே." "ஏறு." மூன்றாவது ஆள், பாவம், புதுசு போலிருக்கிறது. "முதுகுதாண்ணே கொஞ்சம் பிடிச்சாப்ல…" என்றார். "அப்படியா, அப்ப நல்லா ரெஸ்ட் எடு" என்று அன்பாகத் தோளைத் தட்டிவிட்டு நகர்ந்தார். வண்டி போய்விட்டது. அந்த மனிதர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றார்.

நான் யாரையும் எதுவும் கேட்காமல் திரும்பிவிட்டேன். இத்தனை நாளாக, அப்பாவுக்கு வாய் இல்லை, கூச்சம், வீண் கௌரவம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் இல்லை அத்தை. 'எப்படி இருக்கே' என்பது அவர் காதில் நலம் விசாரிப்பாக விழுந்ததே இல்லை. வேலை இருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்கிற கேள்வி அது. அதற்குச் சரியான பதில் ஒன்றுதான். அதைச் சொன்னால் வண்டியில் ஏறலாம், வேறு எதைச் சொன்னாலும் பட்டினி. நீங்கள்தானே அவரை முதல் நாள் அந்த முனையில் கொண்டுபோய் நிறுத்தி, "யாரு கேட்டாலும் பரவாயில்லன்னு சொல்லு, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத" என்று சொல்லிக்கொடுத்தீர்கள்? இதைப் பெருமையாக எங்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. அப்போது அது சோறு போட்டது. வலி இல்லை என்று சொல்லச் சொல்லி ஆயுள் முழுக்க வேலை வாங்கிவிட்டு, கடைசியில் ஒருநாள் ஏசி அறையில் உட்காரவைத்து, 'எங்கே, வலியைச் சொல்லு பார்ப்போம்' என்று கேட்கிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன்.

மறுபரிசீலனை வருகிற வெள்ளிக்கிழமை. வேறு டாக்டர். அந்த ஆபீஸ் கவுன்டரில் இருக்கிற ஆள் நல்லவர், விளக்கமாகச் சொன்னார். "ஒரு தடவ குனிஞ்சாராங்கறது பேச்சில்லம்மா. நாளெல்லாம் குனிய முடியுமா, உக்கார முடியுமா, மறுநாளும் முடியுமான்னுதான் பாக்கணும். ஆனா அத உங்கப்பா சொல்லணும். ஊமைன்னாகூட ஜாடையில சொல்லிடுவாங்க. இவரு மாதிரி பேசறவங்களோடதான் கஷ்டம்."

எனவே உங்களுக்கு என் வேண்டுகோள். வியாழக்கிழமை போன் செய்யுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், தாராளமாகக் கத்துங்கள், தெருவே கேட்கட்டும். 'டேய், நான்தான்டா உன்னப் பரவாயில்லன்னு சொல்லச் சொன்னேன், இப்ப நானே சொல்றேன், போதும் நிறுத்து' என்று சொல்லுங்கள். வலிக்கிறது என்று சொன்னால் உன் மரியாதை ஒன்றும் குறைந்துபோகாது என்று சொல்லுங்கள். அழச் சொல்லுங்கள். அதட்டிச் சொல்லுங்கள், அன்பாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுவார். முக்கியமாக ஒன்று. பேச ஆரம்பித்ததும் அவர் "நீ எப்படிக்கா இருக்கே?" என்று கேட்பார். உங்களுக்குக் கண் ஆபரேஷன் ஆன கதையை நாங்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம் என்பதை மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

அம்மா தன் அண்ணியை மிகவும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். மாமாவுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு முத்தங்கள், பெரியவர்கள் கால்களுக்கு நமஸ்காரம், அந்தக் கால்கள் எல்லாம் நன்றாக மடங்கி நன்றாக நிமிரவேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை.

இப்படிக்கு,
உங்கள் வாயை மட்டும் அப்படியே உரித்துக்கொண்டு பிறந்திருப்பதாக நீங்களே சொல்லும் மருமகள்.

பின்குறிப்பு: போன் செய்யவேண்டாம். மேலே கேட்டதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உங்கள் கையில் இருப்பது ஜெராக்ஸ். அசல் உங்களுக்கு வராது. கடிதத்தைத் தபாலில் போட மறந்து மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் அப்பா அதை முழுசாகப் படித்து முடித்துவிட்டு என் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார். திட்டுவார் என்று நின்றேன். "உன் கையெழுத்து பரவாயில்ல" என்றார். பிறகு, கவுன்டர்காரருக்குத் தானே போன் செய்ததாகவும், வாயால் சொல்ல வராததை எழுத்தில் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டதாகவும், கொண்டுவாருங்கள் என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். "எனக்கு வாயில வராது பாப்பா. இதையே குடுத்துடலாம்" என்றார். எனவே நீங்கள் ஸ்பீக்கரில் கத்துவது உட்பட நம் குடும்ப விவகாரம் அனைத்தும் வெள்ளிக்கிழமை முதல் அரசாங்க ஆவணம். மன்னிக்கவும். நான் ஜெராக்ஸ் எடுத்துவந்த பிறகு, 'கல்நெஞ்சுக்காரி' என்பதை மட்டும் அசலில் அடித்துவிட்டு, 'வேலைப்பளு மிக்கவர்' என்று தன் கையால் திருத்தியிருக்கிறார். தலையணை விஷயத்தை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். விட்டுவிட்டார். கடைசிப் பக்கத்தின் அடியில், கோணல்மாணலாக, அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பது இது: 'மேலே என் மகள் எழுதியது உண்மை. எனக்கு வலிக்கிறது. உட்கார்ந்தாலும் வலிக்கிறது. சிரமத்துக்கு மன்னிக்கவும்.' கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன். முடியவே முடியாது என்கிறார். அதற்கு மட்டும் நீங்கள்தான் பொறுப்பு.